வெந்நீர் இரண்டு வாளி

அத்தியாயம் 6

வாலு தன் முப்பத்தொரு வயதில் எதையும் நேரத்துக்கு முடித்தவன் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மணி அடித்த பிறகுதான் போவான். அண்ணன் கல்யாணத்தில் எல்லோரும் வரிசையாக நின்று படம் எடுத்து முடித்த பிறகுதான் போய்ச் சேர்ந்தான். இன்றைக்கும் அந்தப் படத்தில் தம்பி நிற்க வேண்டிய இடத்தில் சமையல்காரர் நிற்கிறார். அப்படிப்பட்டவன் இன்று காலை கோ-கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டியை வழக்கத்தைவிட மூன்று விநாடி முன்னதாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். தலைகால் புரியவில்லை.

சான்றிதழ் கையில் இருந்தது. கெட்டித் தாள், தங்க நிற ஓரம், 'மூன்றே நாளில் மூன்று விநாடி' என்ற பெரிய எழுத்து, கீழே வண்டி ஓட்ட வகுப்பு எடுக்கிற மாஸ்டரின் கையெழுத்து. புதன்கிழமை ஒரு சுற்றுக்கு 49.8 விநாடி. வியாழக்கிழமை 49.1. இன்று வெள்ளிக்கிழமை 46.0. உளவு பார்ப்பதற்காகத்தான் அந்த வகுப்பில் சேர்ந்தோம் என்பதே அவனுக்குப் பாதி மறந்துபோயிருந்தது.

பந்தயக் கூடத்தின் பின்பக்கம், நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்த சிற்றுண்டி மூலையில், பூதக்கண்ணாடி உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். பூதக்கண்ணாடி என்பது, வாலு உதவியாளாக இருக்கும் துப்பறியும் அம்மாளுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். அவர் கையில் எந்தக் கண்ணாடியும் கிடையாது. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் படிக்கிற கண்ணாடியையும் பாதி நாள் தேடிக்கொண்டுதான் இருப்பார்.

"அக்கா, இதைப் பாருங்க. மாஸ்டர் கெட்டவரா இருக்கலாம். ஆனா வாத்தியாரா கில்லாடி" என்றான் வாலு.

"நட" என்றார் அவர்.

"என்ன?"

"அங்கேருந்து இங்க வந்தியே, அதே மாதிரி திரும்பி நட."

வாலு நடந்தான். வலது கால் எப்போதும் போல விழுந்தது. இடது கால் மட்டும் தரையை விட்டுக் கிளம்பும்போது 'பச்சக்' என்றது. நாலு எட்டு வைத்தான், ரெண்டு பச்சக்.

"பழைய செருப்பு அக்கா."

"நேத்து வாங்கின ஷூ. இதப் போட்டுத்தான் ஓட்டணும்னு என்கிட்ட லீவு கேட்டுப் போய் வாங்கின."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்மணிக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து நாளில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவர்தான் இந்த வழக்கின் கட்சிக்காரர். கூடத்தைக் கூட்டித் துடைக்கும் வேலை. எல்லோருக்கும் அவர் வாளியம்மா. கேலியாக அந்தப் பெயரை வைத்தவர் மாஸ்டர். அதைக் கௌரவமாக எடுத்துக்கொண்டு தன் வாளியிலேயே பெரிதாக எழுதி வைத்தவர் அவர்.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை ஊழியர் பந்தயம் நடந்தது. டிக்கெட் கிழிப்பவர், காவலாளி, மெக்கானிக் என்று எட்டுப் பேர் ஓட்டினார்கள். ஏழு பேர் வழக்கம் போல ஓட்டினார்கள். எட்டாவதாக இருந்த வாளியம்மா 38.1 விநாடியில் சுற்றினார். சுவரில் மூன்று வருஷமாகத் தொங்கும் மாஸ்டரின் சாதனை 38.4. மாஸ்டர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. அவர் அன்று சாயங்காலமே தரையில் பிசுபிசுப்பைக் காட்டினார், வாளியம்மாவின் துடைப்ப அறையிலிருந்து நாலு காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலை எடுத்துக் காட்டினார். சர்க்கரைத் தண்ணீர் காய்ந்தால் தரை டயரைப் பிடித்துக்கொள்ளும், வண்டி வழுக்காது, துடைக்கிற சாக்கில் இந்தம்மா ஊற்றியிருக்கிறார் என்று சொல்லிவிட்டார்.

'நான்தான் ஊற்றினேன், மன்னிக்கவும்' என்று ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார்கள். இன்று ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் துப்புரவு ஏஜென்சிக்கு முதலாளி போன் செய்வார். வாளியம்மா துடைக்கிற மற்ற மூன்று கட்டடமும் கையைவிட்டுப் போய்விடும்.

"போட்டுட்டுப் போயிடுன்னு என் வீட்டுக்காரரே சொல்றார்" என்றார் வாளியம்மா. "மூணு கட்டடமும் போகட்டும். செய்யாததுக்குக் கையெழுத்துப் போட என் கை வராது."

"சரி. ஓட்ட எங்க கத்துக்கிட்டீங்க?" என்று பூதக்கண்ணாடி ஐந்தாவது நாளாகக் கேட்டார்.

"அத மட்டும் கேக்காதீங்க மேடம்."

வாலுவுக்கு இந்த இடம்தான் உறுத்தியது. மடியில் கனம் இல்லாதவர் எதற்கு வாயை மூடிக்கொள்ள வேண்டும்? மாஸ்டரிடம் மூன்று நாள் பாடம் கேட்ட பிறகு அந்த உறுத்தல் இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. இவ்வளவு அருமையாகச் சொல்லித் தருகிற மனிதர் பொய் சொல்வாரா என்றுகூட நினைத்துவிட்டான்.

பூதக்கண்ணாடி ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "இன்னிக்கு வண்டிய விட்டு எங்க இறங்கின?"

"எங்கயும் இறங்கல. ஆங், கடைசிச் சுற்றுல. ரொம்ப சந்தோஷத்துல நாலாவது வளைவுல டயர் அடுக்கின சுவத்துல சாத்திட்டேன். இறங்கித் தள்ளிவிட்டேன்."

"மாஸ்டர் திட்டினாரா?"

"இறங்காத, இறங்காதன்னு கத்திக்கிட்டே ஓடி வந்தார். அடிபட்டுடுமோன்னு பயம் போல. நல்ல மனுஷன்."

"உனக்கு அடிபடும்னு எனக்கே பயம் கிடையாது. அவருக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். "நாலாவது வளைவப் பத்தி அவர் வகுப்புல என்ன சொன்னார்?"

இதை வாலு தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். நாலாவது வளைவு கொண்டை ஊசி மாதிரி திரும்பும். அதை விட்டு வெளியே வந்தால் கூடத்தின் நீளம் முழுக்க நேர் ஓட்டம். வளைவில் வழுக்கிவிடுமோ என்று பயந்து உருட்டினால், நேர் ஓட்டத்தையும் உருட்டிக்கொண்டே தொடங்க வேண்டும். அந்த ஒரு பயத்துக்கு மூன்று விநாடி போய்விடும். முதல் ரெண்டு நாளும் எல்லோரும் அங்கே வழுக்கினார்கள். மூன்றாம் நாள் காலையில் மாஸ்டர், 'பயத்தை விடுங்க, இன்னிக்கு வண்டி உங்க பேச்சைக் கேக்கும்' என்றார். கேட்டது. ஆறு பேருக்கும் கேட்டது.

சொல்லிக்கொண்டே வந்தவனுக்குக் கடைசி வாக்கியத்தில் குரல் இறங்கிவிட்டது. இடது காலை மெல்லத் தூக்கிப் பார்த்தான். பச்சக்.

"ஆறு பேருமா?" என்றார் பூதக்கண்ணாடி.

"அக்கா, வேண்டாம். நான் ஓட்டினேன். நானே ஓட்டினேன்."

"நீதான் ஓட்டின. யாரு இல்லேன்னது."

வாலுவுக்கு அழுகை வராத குறை. துக்கம் தாங்காமல் அவன் எப்போதும் போகும் இடம் ஒன்று உண்டு. அந்தக் கட்டடத்தில் அது சிற்றுண்டி மூலைக்கு அடுத்த கதவு.

போய் ஐந்து நிமிஷம் ஆயிற்று. உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது. மனம் நொந்தாலும் அவன் வாய் ஓயாது.

"அக்கா, இங்க கதவுக்குப் பின்னாடி அட்டையில துப்புரவுக் குறிப்பு மாட்டியிருக்கு. தினமும் யார் எத்தனை மணிக்குத் துடைச்சாங்கன்னு. வாளியம்மா கையெழுத்து முத்து முத்தா இருக்கு. என் சான்றிதழ எழுதினவனவிட நல்லா எழுதியிருக்காங்க."

"சும்மா வா" என்றார் பூதக்கண்ணாடி.

"குறிப்புன்னு ஒரு கட்டம் வேற. 'சோப்பு தீர்ந்தது.' 'கண்ணாடியில் யாரோ இதயம் வரைந்துள்ளார்கள். அழித்தேன்.' 'நாலாம் வளைவு பிசுபிசுப்பு. வெந்நீர் இரண்டு வாளி.' அப்புறம், 'குழாய் சொட்டுகிறது.' 'நாலாம் வளைவு பிசுபிசுப்பு. வெந்நீர் இரண்டு வாளி.' ஏன் வாளியம்மா, ரெண்டு வாளிலதான் குளிப்பீங்களா?"

பூதக்கண்ணாடியின் கையிலிருந்த ஆரஞ்சு கீழே விழுந்தது. அவர் கதவைத் தட்டவில்லை, இடித்தார்.

"வெளிய வா. அட்டையையும் எடுத்துட்டு வா."

"அக்கா, கொஞ்சம் அவகாசம் குடுங்க. நான் இருக்கற நிலைமை அப்படி."

அவகாசம் கொடுத்தார். ஒரு நிமிஷம்.

அட்டையில் மாதத்துக்கு ஒரு தாள் என்று ஆறு மாதத் தாள்கள் செருகியிருந்தன. பூதக்கண்ணாடி தன் கண்ணாடியைத் தேடினார், கழுத்திலேயே இருந்தது. பிசுபிசுப்பு என்று எழுதியிருந்த வரிகளைத் தேதியோடு வாலு படித்தான். பதினொரு வரி. பதினொன்றும் சனிக்கிழமை காலை.

"எப்பவும் அந்த இடத்துலதான் பிசுபிசுப்பா?" என்று அவர் வாளியம்மாவிடம் கேட்டார்.

"அங்கதான் மேடம். விளையாட வர்ற பிள்ளைங்க கொட்டிட்டுப் போகுதுங்கன்னு நெனச்சேன். எப்பவும் ஒரே இடத்துல ஏன் கொட்டுதுங்கன்னு நெனைச்சுப் பாக்க எனக்கு எங்க நேரம்? எழுதி வச்சேன். கூடுதலா ரெண்டு வாளி வெந்நீர் ஏன் போச்சுன்னு நாளைக்கு ஒருத்தர் கேக்கக் கூடாது பாருங்க."

"யாராவது கேட்டாங்களா?"

"இத யாரு மேடம் படிக்கறாங்க? கதவைச் சாத்திட்டு உக்காந்தவங்க படிச்சாத்தான் உண்டு."

வாலு மார்பை நிமிர்த்திக்கொண்டான். துப்பு துலக்கியவன் அவன்தான் என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது.

நாலரை மணிக்கு மூவரும் மாடிப்படி ஏறினார்கள். முதலாளியின் அறை பந்தயத் தளத்துக்கு மேலே கண்ணாடிக் கூண்டு மாதிரி இருந்தது. கீழே ஓடுகிற வண்டிகளும், எதிர்ச் சுவரில் பெரிய திரையில் விழுகிற நேரங்களும் அங்கிருந்து தெரியும். மேஜைமேல் அந்தக் கடிதம், அதன்மேல் மூடி திறந்த பேனா, பக்கத்தில் சாட்சியாக நாலு காலி பாட்டில்கள். முதலாளி நாற்காலியில் இருந்தார். மாஸ்டர் ஜன்னலில் சாய்ந்து நின்றார். கீழே அவருடைய ஆறு மாணவர்களில் ஐந்து பேர் ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு குழுப் படத்துக்குக் காத்திருந்தார்கள்.

"வந்துட்டீங்களா. போட்டுட்டீங்கன்னா எல்லாருக்கும் நல்லது" என்றார் முதலாளி. கெட்ட மனிதர் இல்லை. வீட்டில் நிம்மதி வேண்டுமென்று நினைக்கிற மனிதர்.

"போட மாட்டேன்" என்றார் வாளியம்மா.

பூதக்கண்ணாடி ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். "இது இவங்க குப்பைன்னு யாரு சொன்னது?"

"அவங்க ரூம்லதான் இருந்துது" என்றார் மாஸ்டர்.

"வாளியம்மா, காலி பாட்டில் கிடைச்சா என்ன பண்ணுவீங்க?"

"மூடியத் திறந்து, அலசி, காலால மிதிச்சுத் தட்டையாக்கிப் பையில போடுவேன். அலசலேன்னா எறும்பு வரும். மிதிக்கலேன்னா பை பத்தாது."

நாலு பாட்டிலும் புதுக் கருக்கு மாறாமல், மூடி போட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றன. முதலாளி அவற்றைப் பார்த்தார். ஐந்து நாளாக மேஜையில் வைத்திருந்தும் அவர் பார்த்தது இப்போதுதான்.

"அவசரத்துல மிதிக்காம விட்டிருப்பாங்க" என்றார் மாஸ்டர். "தரையில பிசுபிசுப்பு இருந்துது. அத்தானே தொட்டுப் பாத்தார்."

"பந்தயம் முடிஞ்ச பிறகு தொட்டுப் பாத்தார். முன்னாடியே ஊத்தியிருந்தா அன்னிக்கு ஓட்டின எட்டுப் பேருக்கும் தரை பிடிச்சிருக்கணும். மத்த ஏழு பேரும் எப்பவும் ஓட்டற நேரத்துலதான் ஓட்டியிருக்காங்க. இவங்கள மட்டும் அடையாளம் கண்டு பிடிச்சுக்கற தரையா அது?" பூதக்கண்ணாடி பாட்டிலைத் திரும்ப வைத்தார். "எனக்கு இன்னொரு சந்தேகம். சர்க்கரைத் தண்ணி ஊத்தினா டயர் பிடிக்கும்னு எனக்கு அம்பது வயசு வரைக்கும் தெரியாது. முதலாளி, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. இவன் சொல்லித்தான்..." முதலாளி நிறுத்திக்கொண்டார்.

பூதக்கண்ணாடி அட்டையை மேஜைமேல் வைத்தார். அறைச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த குழுப் படங்களின் பக்கம் வாலு போய் நின்றான். ஒவ்வொன்றிலும் மாஸ்டர் நடுவில், சிரித்த முகங்கள் சுற்றிலும், கீழே தேதி.

"வாலு, படத்துல இருக்கற தேதியப் படி. நான் அட்டைய படிக்கறேன்."

அவன் ஒரு வெள்ளிக்கிழமையைப் படித்தான். அவர் அதற்கு மறுநாள் சனிக்கிழமையைப் படித்தார்: நாலாம் வளைவு பிசுபிசுப்பு, வெந்நீர் இரண்டு வாளி. அவன் அடுத்த வெள்ளியைப் படித்தான். அவர் அடுத்த சனியைப் படித்தார். அஞ்சாவது படத்துக்கு வரும்போது மாஸ்டர் ஜன்னலை விட்டு விலகி நின்றார். பதினொரு படம், பதினொரு வரி. வகுப்பு இல்லாத வாரத்தில் பிசுபிசுப்பும் இல்லை.

"வெறுந்தரையில ரெண்டு நாள் வழுக்க விடறது. மூணாம் நாள் காலையில, இவங்க துடைச்சுட்டுப் போன பிறகு பாகு ஊத்தறது. எல்லாருக்கும் மூணு விநாடி குறையும், எல்லாருக்கும் சான்றிதழ்" என்றார் பூதக்கண்ணாடி. "நீங்க சொல்லித் தந்தது டிரைவிங் இல்ல மாஸ்டர். சமையல்."

மாஸ்டர் சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றது. "அட்டைய எழுதினது யாரு? இந்தம்மாதான. நேத்து ராத்திரி உக்காந்து ஆறு மாசத்துக்கும் எழுதியிருப்பாங்க. கக்கூஸ் கதவுல தொங்கறத எல்லாம் சாட்சின்னு எடுத்துட்டு வந்துட்டீங்க. அத்தான், மணியப் பாருங்க."

வாலு அட்டையை எட்டிப் பார்த்தான். அந்த ஆள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எழுதினது வாளியம்மாதான். முதலாளி பேனாவை எடுத்து வாளியம்மாவின் பக்கம் நீட்டினார்.

"வேண்டாம் சார்" என்றார் வாளியம்மா. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஏஜென்சிக்குப் போன் பண்ணிக்கங்க. நாலு கட்டடம் இல்லேன்னா அஞ்சாவது கட்டடம். இந்த ஊர்ல தரைக்கா பஞ்சம்?"

பூதக்கண்ணாடி அட்டையை முதலாளியின் பக்கம் திருப்பி வைத்தார்.

"அது சரி முதலாளி. ஒவ்வொரு சனிக்கிழமைக்குக் கீழயும் ஓரத்துல ஒரு கையெழுத்து இருக்கே. அது யாரோடது?"

முதலாளி குனிந்து பார்த்தார். கோழி கிளறின மாதிரி ஒரு சுழி. வாராவாரம் சனிக்கிழமை சாயங்காலம் 'மேற்பார்வை' என்ற கட்டத்தில் அவர் போடுகிற சுழி. பிசுபிசுப்புக்கு நேர் கீழே, இரண்டு வாளிக்குப் பக்கத்தில், பதினொரு தடவை அவரே போட்டிருந்தார். ஒரு வரிகூடப் படித்ததில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னோடதுதான்" என்றார் மெல்ல.

"எவனோ ஊத்தினா நான் என்ன பண்றது?" என்றார் மாஸ்டர். "நான் ஊத்தினத யாராவது பாத்தாங்களா? என் பசங்க மூணு விநாடி குறைச்சது நான் சொல்லிக் குடுத்ததால."

"அப்ப அதையும் பாத்துடலாம்" என்றார் பூதக்கண்ணாடி. "தரைய இப்பத் துடைப்போம். அதே ஆறு பேர், அதே வண்டி. நீங்க சொல்லிக் குடுத்தது அவங்க மண்டையில இருக்கும்ல. அதத் துடைப்பம் துடைச்சுடாது."

முதலாளி கடிதத்தைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பேனாவோடு எழுந்தே விட்டார். "வாளியம்மா, துடைக்கறீங்களா?"

"ஞாயித்துக்கிழமைப் பிசுக்கையே வேற ஆள வச்சுத் துடைச்சீங்க. துடைப்பத்தத் தொடக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"இப்ப நான்தான் சொல்றேன்."

வாளியம்மா படியிறங்கினார். கொதிக்கக் கொதிக்க ரெண்டு வாளி. நாலாவது வளைவில் அவர் மண்டியிட்டுத் தேய்த்ததை அத்தனை பேரும் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். ஆறு வருஷமாக அந்த வேலையை யாரும் நின்று பார்த்ததில்லை. முதல் வாளித் தண்ணீர் தேயிலை நிறத்தில் திரும்பி வந்தது. உலர்த்துவதற்கு இரண்டு மின்விசிறியை மெக்கானிக் தள்ளிக்கொண்டு வந்து வைத்தார். அவர் வாளியம்மாவின் முகத்தைப் பார்க்காமலே வைத்ததை வாலு கவனித்தான்.

ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாலு வண்டியில் உட்கார்ந்தான். அவன் 46.0 இன்னும் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். வாளியம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு அவன் பக்கமாக வந்தார்.

"தம்பி, வளைவுக்குள்ள போயிட்டு பிரேக்க மிதிக்கறீங்க. காலையில கம்பிக்கு வெளிய நின்னு பாத்தேன். முன்னாடியே மிதிச்சு முடிச்சுடுங்க. ஈரத் தரையில துடைப்பத்த வெடுக்குனு திருப்பினா நாமதான் விழுவோம். வண்டியும் அப்படித்தான். அதுவா திரும்பட்டும், நீங்க கூடப் போங்க."

"மாஸ்டர் கடைசி நொடியில மிதிக்கச் சொன்னாரே."

"அவருக்குப் பாகு இருக்கு. உங்களுக்கு யாரு இருக்கா?"

ஆறு வண்டியும் கிளம்பின. முதல் மாணவன் காலையில் கிடைத்த தைரியத்தில் நாலாவது வளைவுக்குள் பாய்ந்தான், ஒரு முழுச் சுற்று சுற்றி டயர் சுவரில் போய் உட்கார்ந்தான். அடுத்தவன் அவனுக்குத் துணையாகப் போய்ச் சேர்ந்தான். திரையில் நேரங்கள் விழுந்தன: 49.5, 50.2, 48.9, 51. எல்லோருமே வியாழக்கிழமைக்குத் திரும்பிப் போயிருந்தார்கள்.

வாலு வளைவுக்கு நாலு முழம் முன்னாலேயே பிரேக்கை மிதித்தான், விட்டான், ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்பினான். பயமாகத்தான் இருந்தது. வண்டி வழுக்கவில்லை. வளைவின் வாய் திறந்தபோது காலை முழுக்க அழுத்தினான். அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம் நிதானம். கடைசிச் சுற்று முடிந்து திரையைப் பார்த்தான்: 48.4. நேற்றைவிட முக்கால் விநாடி சுமார். ஆறு பேரில் குறைத்தவன் அவன் ஒருவன்தான். இதில் பாகு இல்லை. கத்த வேண்டும் போல இருந்தது, வெட்கமாக இருந்ததால் ஹெல்மெட்டுக்குள்ளேயே கத்திக்கொண்டான்.

மாணவர்கள் இறங்கினார்கள். ஐந்து பேரும் மாஸ்டரைப் பார்த்தார்கள்.

"நீயும் ஓட்டு" என்றார் முதலாளி தன் மைத்துனரிடம்.

"அத்தான்."

"ஓட்டுன்னேன்."

மாஸ்டர் ஓட்டினார். ஓட்டத் தெரியாதவர் இல்லை, 40.9 எடுத்தார். ஆனால் கடைசி நொடியில் பிரேக் மிதிக்கும் பழக்கம் அவரை விடவில்லை. மூன்றாவது சுற்றில் வண்டி நாலாவது வளைவில் பின்பக்கமாகத் திரும்பி, தன் மாணவர்கள் மோதின அதே இடத்தில் மோதியது. இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, உடனே வாயைத் திறந்தார்.

"மூணாயிரம் சுற்று ஓட்டின எனக்கே வழுக்குது. இந்தத் தரையில ஒரு கூட்டற பொம்பள 38.1 எடுத்தாங்கன்னா எப்படி நம்பறது? எங்க கத்துக்கிட்டாங்கன்னு கேளுங்க. வாயத் திறக்க மாட்டாங்க."

எல்லோரும் வாளியம்மாவைப் பார்த்தார்கள். அவர் துடைப்பத்தைப் பிழிந்துகொண்டிருந்தார். பூதக்கண்ணாடி மட்டும் அவரைப் பார்க்கவில்லை. மின்விசிறிக்குப் பின்னால் நின்ற மெக்கானிக்கைப் பார்த்தார்.

"நீங்க சொல்றீங்களா, நான் கேக்கட்டுமா?" என்றார்.

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டே முன்னால் வந்தார். "தினமும் காலையில கூடம் திறக்கறதுக்கு முன்னாடி பன்னெண்டு வண்டியையும் ஒவ்வொரு சுற்று ஓட்டி, பிரேக் பிடிக்குதான்னு பாக்கணும். அது என் வேலை. என் சம்சாரம் படுத்த படுக்கையா இருக்கா. அவளக் குளிப்பாட்டி, சாப்பாடு குடுத்துட்டு வர மணி ஒம்பதரை ஆயிடும். இவங்க ஆறு மணிக்கே வந்துடுவாங்க. நாலு வருஷமா இவங்கதான் ஓட்டிப் பாக்கறாங்க. நான் வந்து டிக் மட்டும் போடறேன்."

"நீ ஏன்யா வாயத் திறந்த" என்றார் வாளியம்மா கோபமாக. "உன் வேலை போயிடும்."

"உங்க வேலை போகுதே அக்கா. அஞ்சு நாளா நான் சோறு தின்னல."

வாலு விரல் விட்டு எண்ணினான். பன்னிரண்டு வண்டி, நாலு வருஷம். லீவு நாளைக் கழித்தாலும் பதினாலாயிரம் சுற்றுக்குக் குறையாது. மாஸ்டரின் மூணாயிரம் அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தது. இவ்வளவு நாள் அந்தம்மாவைச் சந்தேகப்பட்டதை நினைத்து அவனுக்கு அவமானமாக இருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். இன்னொருவர் அடுப்பு அணைந்துவிடும் என்று சொல்லவில்லை.

முதலாளி மின்விசிறியை நிறுத்தினார்.

"நாளையிலேருந்து நீ பத்து மணிக்கு வந்தாப் போதும்" என்று மெக்கானிக்கிடம் சொன்னார். மைத்துனரைப் பார்த்து, "சுவத்துல இருக்கற படத்த எல்லாம் நீயே கழட்டு. உங்க அக்காகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் லேசாக ஆடியது. பிறகு வாளியம்மாவின் பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்களேன். எல்லாரும் இருக்காங்க. அந்த 38.1 கண்ணால பாத்துட்டா யாருக்கும் பேச்சு இருக்காது."

கூடம் முழுக்க ஆவலாக நின்றது. மெக்கானிக் ஒரு வண்டியை முன்னால் தள்ளினார். வாலுகூடக் கை தட்டத் தயாராக இருந்தான்.

"மாட்டேன்" என்றார் வாளியம்மா.

"ஏம்மா?"

"ஞாயித்துக்கிழமை ஓட்டிக் காட்டியாச்சு. எட்டுப் பேர் கூட இருந்தாங்க, மிஷின் எழுதுச்சு. இவர் சாதனைய மூணு வருஷமா சுவத்துல மாட்டி வச்சிருந்தீங்களே, ஒரு நாளாவது இன்னொரு தடவை ஓட்டிக் காட்டுன்னு கேட்டீங்களா? என்கிட்ட மட்டும் ஏன் ரெண்டாந்தடவை? நான் ஓட்டினது 38.1. அத எழுதி மாட்டுங்க. நம்பறவங்க நம்பட்டும்."

முதலாளி சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார், நாலாகக் கிழித்தார். அவர் கையில் பேனா மட்டும் மிச்சம் இருந்தது.

"பேனாவக் குடுங்க" என்றார் வாளியம்மா.

அவர் கொடுத்தார். வாளியம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடி மாடியிலிருந்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்திருந்த அட்டையை வாங்கினார். வண்டியின் மூக்குமேல் வைத்து, வெள்ளிக்கிழமைக்கு நேரே முத்து முத்தாக எழுதினார். நாலாம் வளைவு பிசுபிசுப்பு. வெந்நீர் இரண்டு வாளி. சுத்தம். கொஞ்சம் யோசித்து, கட்டத்தில் மிச்சம் இருந்த இடத்தில் இன்னொரு வரியும் சேர்த்தார்: வாலு தம்பி 48.4, சொந்தமாக. கீழே கையெழுத்துப் போட்டார்.

வாலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்க ஓரச் சான்றிதழை மடித்து, அதனாலேயே ஷூவின் அடியில் ஒட்டியிருந்த பிசுக்கைச் சுரண்டிப் போட்டான்.

வாளியம்மா அட்டையையும் பேனாவையும் முதலாளியிடம் நீட்டினார்.

"நாளைக்கு சனிக்கிழமை" என்றார். "இந்தத் தடவை படிச்சுட்டுப் போடுங்க."

முதலாளி கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.